ஏழாம் பக்கம்

அத்தியாயம் பன்னிரண்டு

செத்தவரின் நினைவாய் அச்சடித்துக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்தைக் கையில் வாங்குகிற யாரும் அதை முதலாம் பக்கத்திலிருந்து வாசிப்பதில்லை. முன்னுக்கு இருக்கிற தேவாரமும் திருவாசகமும் எல்லார் வீட்டுக் கல்வெட்டிலும் இருப்பவைதான். செத்தவர் நல்லவர் என்பதும் தெரிந்த சங்கதி. விரல் நேரே வம்சாவளிப் பக்கத்துக்குத்தான் போகும். எந்தப் பிள்ளை எந்த நாட்டில், எந்தப் பேரப்பிள்ளைக்கு என்ன படிப்பு, யாருடைய பெயரை விட்டுவிட்டார்கள் என்று பார்த்து முடித்த பிறகுதான் செத்தவரின் படத்தையே பார்ப்பார்கள்.

ஏரம்புவின் முப்பத்தோராம் நாள் கல்வெட்டில் அந்தப் பக்கம் ஏழாவது.

"இஞ்சை பார் பிள்ளை, உன்ரை பேர் எவ்வளவு வடிவாய் விழுந்திருக்கு," என்று ஏரம்புவின் மகள் பராசக்தி மாமி குசினி வாசலில் வைத்துப் புத்தகத்தை நீட்டினாள். கோபிகா மரக்கறி வெட்டிய கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

மாமியின் மகன் பெயர் முதலில் இருந்தது. யதுசன், பொறியியல் பீட மாணவன். அதற்குக் கீழே: கோபிகா, சட்டக்கல்லூரி மாணவி.

கோபிகாவுக்குக் காது இரண்டும் சூடேறியது.

சட்டக்கல்லூரி மாணவி அல்ல அவள். நுழைவுப் பரீட்சையைப் போன வருடம் எழுதி, ஒன்பது புள்ளியால் விட்டவள். இந்த வருடத்துக்கான விண்ணப்பம் அறைக்குள் மண்ணிறக் கடித உறைக்குள் கிடக்கிறது. அதைப் பதிவுத் தபாலில் சேர்க்கக் கடைசி நாள் இன்று.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏரம்பு கேட்ட கேள்வி வாசகர்களுக்கு நினைவிருக்கும். "பேத்தி சட்டத்துக்கு எடுபட்டிட்டாளோ?" என்று அவர் கேட்டார். மகன் கேதீஸ்வரன், சாவகச்சேரி நீதிமன்றத்தடியில் ஒரு சட்டத்தரணிக்கு இருபத்தாறு வருடம் கிளாக்காக இருப்பவர், தகப்பனின் கண்ணைப் பார்த்துக்கொண்டே "ஓம் ஐயா, எடுபட்டிட்டாள்" என்றார். கட்டிலின் மற்றப் பக்கம் நின்ற கோபிகாவும் தலையை ஆட்டினாள். கிழவர் அன்று பின்னேரம் முழுக்கச் சிரித்த முகமாய்க் கிடந்தார். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். இலண்டனில் இருக்கிற மூத்த மகன் சுதாகரனுக்கும் தொலைபேசியில் சொன்னார். அடுத்த நாள் விடிய அவர் இல்லை.

கல்வெட்டை எழுதி அச்சகத்துக்கு அனுப்பியவர் அந்தச் சுதாகரன்தான். முழங்கால் ஒப்பரேசன் செய்ததால் வர முடியாமற் போன மனக்குறையை எல்லாம் புத்தகத்தில் காட்டியிருந்தார். தகப்பன் சொன்னதை மகன் அச்சிட்டார். அவர்மேல் என்ன பிழை?

கோபிகா தகப்பனைத் தேடிப் போனாள். கேதீஸ்வரன் கீரிமலையில் கிரியை முடித்து வந்து, மீசை மழித்த முகத்தோடு விறாந்தையில் புத்தகப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். மீசை இல்லாமல் அவர் யாரோ பழைய படத்தில் இருக்கிற ஆள் மாதிரி இருந்தார்.

"அப்பா, ஏழாம் பக்கம் பாத்தனீங்களோ?"

"விடியவே பாத்தனான்."

"பாத்திட்டும் பேசாமல் இருந்தனீங்களோ?"

"முந்நூறு புத்தகம் அடிச்சு வந்திட்டுது பிள்ளை. இனி என்ன செய்யிறது? நீ இந்த முறை எடுபட்டால் அது உண்மைதானே. கொஞ்சம் முந்தி அடிச்சமாதிரி."

அவர் பகிடியாய்ச் சொன்னார். ஆனால் கண் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு அதற்குமேல் கதைக்க நேரமில்லை. ஜெயகௌரி ரீச்சர் எப்போது வருவார் என்று படலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விண்ணப்பத்தில் எல்லாம் நிரப்பியாயிற்று. பிறப்புச் சான்றிதழ், உயர்தரப் பெறுபேறு, கிராம அலுவலரின் நற்சான்று எல்லாம் ஒழுங்கு. உறவில்லாத பொறுப்பான ஒருவரின் இரண்டாவது நற்சான்று மட்டும் மிச்சம். அதை ஓய்வுபெற்ற அதிபரும் கடதாசிகளை உறுதிப்படுத்த அதிகாரமுள்ள சமாதான நீதவானுமாகிய ஜெயகௌரி ரீச்சரிடம் இரண்டு கிழமைக்கு முன்னமே வாங்கியிருக்கலாம். தாய் மீனாம்பிகைதான் விடவில்லை. "செத்தவீட்டுத் துடக்கோடை ஒருதற்றை வீட்டுப் படியேறி நல்ல காரியத்துக்குக் கையெழுத்துக் கேக்கிறதே? முப்பத்தொண்டு கழியட்டும். ரீச்சர் அண்டைக்கு வருவாதானே, அப்ப வாங்கலாம்." அம்மா அப்படிச் சொன்னபோது அது நியாயமாகத்தான் இருந்தது.

அந்த முப்பத்தொரு நாளும் கோபிகா படித்ததெல்லாம் குசினியில்தான். துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொதிக்கிற நேரத்துக்குள் பத்து நுண்ணறிவு வினா. போன முறை அவளை விழுத்தியது அறிவில்லாமை அல்ல, நேரம். ஒரு வினாவில் கொழுவிக்கொண்டு நின்றுவிடுவாள். இப்போது கேத்தல் விசில் அடிக்கும்போது எந்த வினாவில் நின்றாலும் பேனையை வைத்துவிடப் பழகியிருந்தாள்.

"மச்சாள், தபால் கந்தோர் இண்டைக்கு எத்தினை மணி மட்டும்?" என்று காலையிலேயே யதுசன் கேட்டான். வேட்டியை மடித்துக் கட்டி, சாம்பார் வாளியோடு நின்றான்.

"பதிவுத் தபால் மூண்டு மணியோடை சரி. ஏன்?"

"சும்மா. உமக்காகத்தான் கேட்டனான்."

ஜெயகௌரி ரீச்சர் பன்னிரண்டரைக்கு வந்தார். வெள்ளையில் ஊதாக் கரைச் சேலை, கையில் பழைய தோல் பை. ஏரம்புவின் படத்துக்குப் பூப்போட்டுக் கும்பிட்டார். கதிரையில் இருந்ததும் யாரோ ஒரு கல்வெட்டைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தார்கள். கோபிகா உறையோடு அறையை விட்டு வெளியே வருவதற்குள் அது நடந்துவிட்டது.

"ரீச்சர், நான் சொன்ன அந்தக் கையெழுத்து."

"தா பிள்ளை. பேனை என்னட்டை இருக்கு."

ரீச்சர் வாசிக்காமல் எதிலும் கையெழுத்து வைக்கமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். காணி உறுதியோ கடிதமோ, கண்ணாடியைப் போட்டு முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை வாசிப்பார். நற்சான்றையும் அப்படியே வாசித்தார். பிறகு மடியில் கிடந்த கல்வெட்டைத் திறந்தார். ஏழாம் பக்கத்தில் அவருடைய பயணச் சீட்டு அடையாளமாய்ச் செருகியிருந்தது.

"இதிலை நீ சட்டக்கல்லூரி மாணவி. இதிலை நீ சட்டக்கல்லூரிக்கு விண்ணப்பிக்கிற ஆள். எது பிள்ளை சரி?"

"விண்ணப்பம்தான் ரீச்சர். புத்தகத்திலை பெரியப்பா தெரியாமல் போட்டிட்டார்."

"அவருக்கு ஆர் சொன்னது?"

"அப்பப்பா."

"அவருக்கு ஆர் சொன்னது?"

நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நிற்கிறவர்கள் ஏன் தண்ணீர் கேட்கிறார்கள் என்று கோபிகாவுக்கு அப்போது விளங்கியது.

ரீச்சர் பேனையை மூடினார். அவருடைய குரலில் கோபம் இருந்திருந்தால் கோபிகாவுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"உன்னை எனக்கு ஆறாம் வகுப்பிலை இருந்து தெரியும். நல்ல பிள்ளை. ஆனால் நேர்மையானவர் என நான் அறிவேன் எண்டு இதிலை அடிச்சிருக்கு. இந்தப் புத்தகம் மடியிலை கிடக்க நான் அதுக்குக் கீழை எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது? நாளைக்கு ஆரும் ஒராள் ரெண்டையும் பக்கத்திலை வைச்சுப் பாத்தால் என்ரை பேர் போறது பெரிசில்லை. உன்ரை பேர் போகும். அதுவும் தொடங்க முன்னமே."

"ரீச்சர், இண்டைக்குக் கடைசி நாள்."

"தெரியும். சாப்பாடு முடியுமட்டும் இருக்கிறன். யோசிச்சுப்போட்டு வா."

கேதீஸ்வரன் வீட்டு முன்னறையில்தான் கந்தோர் வேலையைக் கொண்டுவந்து வைத்துச் செய்வார். ஒரு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு சின்னச் சாமிப்படம். கோபிகா அங்கே போய்க் கதவைச் சாத்தினாள். நடந்ததைச் சொன்னாள். அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், அழுதுவிட்டாள்.

கேதீஸ்வரன் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

"வேறை சமாதான நீதவான் இல்லையே? கோட்டடியிலை எனக்குத் தெரிஞ்சவை நாலு பேர் இருக்கினம். ஒரு ரெலிபோன் கோல் எடுத்தால் காணும். இந்தப் புத்தகம் பாக்காத ஆளாய்ப் பிடிப்பம்."

"புத்தகம் பாக்காத ஆளாய்த் தேடித்தான் நான் சட்டம் படிக்கப் போகோணுமோ அப்பா?"

அவர் தொலைபேசியை மேசையில் வைத்தார்.

"ஐயா கேட்ட நேரம் எனக்கு வேறை வாய் வரேல்லை பிள்ளை," என்றார். "இல்லை எண்டு சொல்லியிருந்தால் அவர் அந்த முகத்தோடை போயிருப்பார்."

"அதுக்கு நான் உங்களைக் குறை சொல்லேல்லை."

"எனக்குத் தெரியும். நீ போ. போய் முகத்தைக் கழுவு."

அவள் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். திரும்பி வரும்போது முன்னறையிலிருந்து தட்டச்சுச் சத்தம் கேட்டது. அப்பாவின் விரலுக்கு ஒரு வேகம் உண்டு. நாலு வசனம் நிற்காமல் போகும், பிறகு ஒரு நிறுத்தம். இந்த முறை நிறுத்தங்கள் அதிகமாக இருந்தன. பிறகு பிரிண்டர் முனகியது.

"உந்தக் கோதாரி இங்க் முடியிற நேரம் பாத்து," என்று அவர் உள்ளே திட்டுவது கேட்டது. இரண்டு முறை ஏதோ தட்டினார். ஒருவழியாகத் தாள் வந்தது.

வெளியே வந்தபோது கேதீஸ்வரன் நீதிமன்றத்துக்குப் போகிற வெள்ளைச் சேட்டைப் போட்டிருந்தார்.

கூடத்தில் அப்போதுதான் கல்வெட்டுப் பாட்டை ஒருவர் இராகம் இழுத்து வாசித்து முடித்திருந்தார். பாய்களில் சனம் இருந்தது. வாழையிலை விரித்தாயிற்று. யாரோ தொலைபேசியைச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார்கள். அதற்குள் இலண்டனில் சுதாகரன், வெள்ளை வேட்டியோடு, காலை நீட்டிக் கதிரையில் இருந்தார்.

கேதீஸ்வரன் நேரே ஜெயகௌரி ரீச்சரிடம் போனார்.

"ரீச்சர், ஒரு சத்தியக் கடதாசி. உங்களுக்கு முன்னாலை ஒப்பம் வைக்கோணும்."

ரீச்சர் கண்ணாடியைப் போட்டார். முதல் வரியைப் பார்த்தார். தாளைத் திருப்பி அவரிடமே கொடுத்தார்.

"நீங்களே வாசியுங்கோ. விளங்கித்தான் ஒப்பம் வைக்கிறீங்கள் எண்டு எனக்குத் தெரியோணும்."

"தம்பி, இதென்ன கூத்து," என்றாள் பராசக்தி. "சனம் இலைக்கு முன்னாலை இருக்குது."

"ரெண்டு நிமிஷம் அக்கா."

இருபத்தாறு வருடமாய் எத்தனையோ பேருக்காக அவர் வாசித்த அதே தொனி. அதே மாதிரிக் குரலை உயர்த்தாமல்.

"இந்து சமயத்தவனும் மட்டுவிலைச் சேர்ந்தவனுமாகிய ஏரம்பு கேதீஸ்வரன் என்னும் நான் பயபக்தியுடனும் நேர்மையுடனும் உண்மையுடனும் உறுதிப்படுத்திக் கூறுவதாவது. ஒன்று. மேற்கூறப்பட்ட உறுதியாளர் நானே. இரண்டு. காலஞ்சென்ற எனது தகப்பனாரின் நினைவாக இன்று வெளியிடப்பட்ட கல்வெட்டின் ஏழாம் பக்கத்தில் எனது மகள் கோபிகா சட்டக்கல்லூரி மாணவி எனக் குறிப்பிடப்பட்டுள்ளது. மூன்று. அது உண்மையல்ல. அவர் கடந்த முறை நுழைவுப் பரீட்சைக்குத் தோற்றிச் சித்தியடையவில்லை. இம்முறை மீண்டும் விண்ணப்பிக்கிறார். நான்கு. மேற்படி பொய் என்னால் எனது தகப்பனாருக்குக் கூறப்பட்டது. அதில் எனது மகளுக்கு எவ்விதத் தொடர்பும் இல்லை."

குழம்புச் சட்டிக்குள் அகப்பை விழுந்த சத்தம் மட்டும் குசினியிலிருந்து வந்தது. அது அம்மாவின் கையாக இருக்கும்.

"நாலாவது பிழை," என்றாள் கோபிகா.

எல்லாத் தலையும் திரும்பியது. கேதீஸ்வரன் தாளிலிருந்து கண்ணை எடுத்தார்.

"அப்பா சொல்லேக்கை நான் மற்றப் பக்கம் நிண்டனான். அப்பப்பா என்ரை முகத்தைப் பாத்தவர். நானும் தலை ஆட்டினனான்." அவள் ரீச்சரின் பக்கம் திரும்பினாள். "தொடர்பு இல்லை எண்டு போட ஏலாது ரீச்சர். அதுவும் பொய்யாய்ப் போயிடும்."

"விடு பிள்ளை," என்றார் கேதீஸ்வரன் மெல்ல. "அதை என்னோடை விடு."

"ஏலாது அப்பா."

ஜெயகௌரி ரீச்சர் பேனையைத் திறந்து கேதீஸ்வரனிடம் நீட்டினார். "கடைசி வசனத்தை வெட்டுங்கோ. எனது மகளும் தலையசைத்தார் எண்டு எழுதுங்கோ. வெட்டின இடத்திலை ரெண்டு பேரும் சின்னக் கையெழுத்து வையுங்கோ."

வெட்டினார். எழுதினார். தகப்பனும் மகளும் ஒரே ஓரத்தில் கையெழுத்து வைத்தார்கள்.

அப்போதுதான் சுவரோரத்துத் தொலைபேசி பேசியது.

"கேதீஸ். அப்ப ஐயாவுக்கு நீ பொய்யே சொன்னனி?"

"ஓம் அண்ணை."

"நான் அதை அடிச்சு முந்நூறு பேருக்குக் குடுத்திருக்கிறன்."

"ஓம் அண்ணை. என்ரை பிழைதான்."

நெற் இணைப்புப் போய்விட்டது என்று நினைத்து யாரோ தொலைபேசியைத் தூக்கப் போனார்கள்.

"ஐயா கேட்டிட்டுச் சிரிச்சவரோ?"

"சிரிச்சவர் அண்ணை. அண்டைக்கு முழுக்கச் சிரிச்சவர்."

சுதாகரன் தலையைக் குனிந்துகொண்டார். படத்தில் அவருடைய நரைத்த உச்சி மட்டும் தெரிந்தது.

முன்வரிசையில் இருந்த ஒரு வயதுபோன உறவினர் தொண்டையைச் செருமினார். "அப்ப இனிச் சோறு போடலாமோ?"

அந்தக் கேள்வியில் கூடம் உயிர்த்தது. வாளிகள் நகர்ந்தன. சிலர் ஏழாம் பக்கத்தைப் பிரித்து இன்னொரு முறை பார்த்தார்கள். ஒருவர் பேனையை எடுத்துத் தன் புத்தகத்தில் அந்த இடத்தை வெட்டுவதையும் கோபிகா கண்டாள். வலித்தது. ஆனால் காலையில் வலித்த மாதிரி இல்லை.

பராசக்தி மாமி முகத்தைத் தொங்கப் போட்டிருந்தாள். "இப்பிடிச் சனத்துக்கு முன்னாலை... சரி, என்ரை யதுவின்ரையாவது சரியாய்க் கிடக்கு," என்று பக்கத்திலிருந்தவளுக்குச் சொன்னாள். யதுசன் சாம்பார் வாளியோடு அவர்களைத் தாண்டிப் போனான். ஒரு இலையில் இரண்டு தரம் ஊற்றினான்.

ஜெயகௌரி ரீச்சர் சத்தியக் கடதாசியில் ஒப்பமிட்டு முத்திரை குத்தினார். பிறகு நற்சான்றை எடுத்தார். இந்த முறை வாசிக்கவில்லை. நேரே கையெழுத்து வைத்தார்.

"ரீச்சர், வாசிக்காமல் வைச்சிட்டீங்கள்," என்றாள் கோபிகா.

"வாசிச்சிட்டன் பிள்ளை. ஓடு, நேரம் போகுது."

மணி இரண்டு இருபத்தைந்து. கேதீஸ்வரன் வாகனத் திறப்பைத் தேடினார். அதற்குள் யதுசன் வேட்டியை மாற்றி, காற்சட்டையோடு மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு நின்றான்.

"மாமா, நீங்கள் சனத்தைப் பாருங்கோ. நான் கொண்டுபோய் விடுறன்."

மட்டுவிலிலிருந்து சாவகச்சேரிக்கு அவன் போன வேகத்தில் கோபிகா உறையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சந்தையடியில் ஒரு லொறி குறுக்கே நின்றது. பேருந்து ஒன்று இறங்குகிறவர்களுக்காக நடுத்தெருவில் நின்றது. யதுசன் ஒன்றுக்கும் கோன் அடித்து வழி கேட்கவில்லை. வழக்கமாகக் கதைத்துக்கொண்டே வருகிறவன், ஒரு வார்த்தையும் பேசவில்லை.

தபால் கந்தோருக்குள் நுழைந்தபோது இரண்டு ஐம்பத்திரண்டு. கவுண்டரில் இருந்த பெண் உறையைத் தராசில் நிறுத்தாள். முத்திரை ஒட்டினாள். திகதி முத்திரையை ஓங்கிக் குத்தினாள். அந்தச் சத்தம் கோபிகாவின் நெஞ்சுக்குள் இறங்கியது. ஒரு வருடம், ஒன்பது புள்ளி, முப்பத்தொரு நாள் கேத்தல் விசில், எல்லாம் ஒரு சின்னப் பற்றுச்சீட்டாய்க் கைக்குள் வந்தது. இனிப் பரீட்சைதான் மிச்சம்.

"வாரும் யது, போவம்."

அவன் வரவில்லை. சேட்டின் இரண்டு பொத்தானைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு மண்ணிற உறையை எடுத்தான். வியர்வையில் ஓரம் நனைந்திருந்தது. அதில் எழுதியிருந்த விலாசத்தைக் கோபிகாவுக்கு வாசிக்கத் தேவையிருக்கவில்லை. இப்போதுதான் அதே விலாசத்துக்குத் தன் உறையை அனுப்பியிருந்தாள்.

"யது."

"பொறியியல் கம்பஸை விட்டு எட்டு மாசம் மச்சாள்."

"அப்ப ஒவ்வொரு திங்களும் பை கட்டிக்கொண்டு பஸ் ஏறுறது?"

"யாழ்ப்பாணத்திலை இறங்கி நூலகத்துக்குப் போறனான். நீர் குசினியிலை படிச்ச மாதிரித்தான்."

"மாமிக்கு?"

"அம்மா ஏழாம் பக்கத்தை இண்டைக்கு நாலு தரம் வாசிச்சிட்டா."

"தம்பி, அதையும் தாறீரோ?" என்றாள் கவுண்டர்ப் பெண். "நான் பூட்டப்போறன்."

யதுசன் உறையைப் பார்த்தான். கோபிகாவைப் பார்த்தான். பிறகு கண்ணாடிக்குக் கீழால் தள்ளிவிட்டான். முத்திரை இரண்டாம் முறை ஓங்கி விழுந்தது.

வெளியே வெயிலில் கண் கூசியது. மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் வந்ததும் அவனுடைய தொலைபேசி அடித்தது. திரையில் அம்மா என்று இருந்தது. அவன் அதை எடுக்கவில்லை. நிறுத்தவும் இல்லை. கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"மச்சாள், மாமாவின்ரை பிரிண்டரிலை இன்னும் இங்க் இருக்குமோ?"

கோபிகா கொஞ்சம் யோசித்தாள்.

"ஒரு பக்கத்துக்குக் காணும்," என்றாள்.